பதினாலாவது படி

சுந்தரேசன் சார் கண்காட்சித் தலைப்புகள் எழுதிய சீட்டுகளைத் தம் டிபன் டப்பாவில் போட்டுக் குலுக்கினார். மதியம் அந்த டப்பாவில் எலுமிச்சை சாதம் இருந்தது. அதனால் ஆறாம் வகுப்பில் அன்று யார் எந்த ஊரை எடுத்தாலும் அதில் எலுமிச்சை வாசம் அடித்தது.

பிரகாஷுக்குப் பெங்களூரின் சட்டசபைக் கட்டடமான விதான சவுதா கிடைத்தது. அவன் சீட்டைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினான். இன்னொரு குழுவுக்கு ஜோக் அருவி. சங்கமித்ரா எடுத்த சீட்டில், "ஒரு சிறு தீவின் துறைமுகக் கிராமம்: வரலாறும் பார்க்க வேண்டியவையும்" என்று எழுதியிருந்தது.

"எந்தத் தீவு சார்?" என்று கேட்டாள்.

"அதைக் கண்டுபிடிக்கிறதுதாம்மா உங்க வேலை. நிஜமா இருக்கிற ஊரா இருக்கணும். அவ்ளோதான்."

நவம்பரில் பள்ளிக் கண்காட்சி. முதல் பரிசு வாங்கும் குழு, பெங்களூர்ப் பள்ளிகள் எல்லாம் கூடும் பெரிய கண்காட்சிக்குப் போகும். ஸ்ரீராம்புரத்தின் அந்தச் சின்னத் தமிழ்ப் பள்ளியில் ஜூலை மாதத்திலிருந்தே இதுதான் பேச்சு.

சங்கமித்ராவின் குழுவில் மூன்று பேர். வீணா நன்றாக வரைவாள், அதிகம் பேச மாட்டாள். ராகேஷுக்கு வரையவே வராது, பேச்சு மட்டும் நிற்காது. மூவருமே கடலைப் பார்த்ததில்லை. அவர்கள் பார்த்ததிலேயே பெரிய தண்ணீர் சாங்கி டேங்க் ஏரிதான்.

"தீவுல நமக்கு யாரையும் தெரியாதே" என்றாள் வீணா.

"தெரிஞ்சுக்கலாம்" என்றாள் சங்கமித்ரா.

மறுநாள் அவள் தபால் நிலையத்துக்குப் போனாள். அங்கே கவுண்டர் ஓரத்தில், யாரும் எடுத்துப் போய்விடாதபடி, சணல் கயிற்றில் ஒரு புத்தகத்தைக் கட்டிப் போட்டிருந்தார்கள். இந்தியாவின் எல்லாத் தபால் நிலையங்களின் பெயரும் பின்கோடும் அதில் உண்டு. அந்தமான் பக்கத்தில் விரலை வைத்து இறங்கினாள். ஓர் இடத்தில் விரல் நின்றது. லாந்தர் ஹார்பர். பெயரிலேயே துறைமுகம் இருந்தது.

ஓர் இன்லேண்ட் லெட்டரில் எழுதினாள். முகவரியில், "ஆறாம் வகுப்பில் படிக்கும் யாராவது ஒருவருக்கு, பள்ளிக்கூடம், லாந்தர் ஹார்பர்" என்று போட்டாள்.

தபால்காரர் கிருஷ்ணப்பா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தமிழ்ல எழுதிருக்கியே. அங்க படிக்க யார் இருக்கா?"

"நம்ம ஜனம் இல்லாத ஊர் உண்டாண்ணா?"

"அதுவும் சரிதான்" என்று முத்திரை குத்தினார். "அந்தமான்னா ஸ்வல்ப லேட்டாகும். கப்பல் வரணும், போகணும். அவசரப்படக் கூடாது."

கிருஷ்ணப்பா நல்லவர். ஆனால் அவரிடம் சொன்னது தெருவுக்கே சொன்ன மாதிரி. மறுநாள் காலை குழாயடியில் பக்கத்து வீட்டுச் சரசு அக்கா சங்கமித்ராவின் அம்மாவிடம் மெல்லக் கேட்டார்: "ஏன் அக்கா, அந்தமான் ஜெயில்ல உங்க வீட்டுக்காரரு சைடுல யார்னா கீறாங்களா?"

ஆகஸ்ட் போனது. செப்டம்பரும் போனது. பிரகாஷ் குழு விதான சவுதாவின் தூண்களை ஒட்ட ஆரம்பித்துவிட்டது.

"தசரா லீவுக்குள்ள பதில் வரலைன்னா, போன வருஷத்து மைசூர் அரண்மனையை எடுத்து வச்சுடுங்க" என்றார் சுந்தரேசன் சார். அந்தத் தெர்மாகோல் அரண்மனை ஆசிரியர் அறை அலமாரியின் மேல் இருந்தது. அதன் ஒரு கோபுரத்தை எலி தின்றிருந்தது.

லீவுக்கு முந்தைய நாள், கிருஷ்ணப்பா பள்ளிக்கூட வாசலிலேயே சைக்கிள் மணியை அடித்தார். கையில் தடித்த உறை. அதன் மூலையில் உப்புக்காற்றில் ஊறிய கறை.

மூவரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து படித்தார்கள்.

"அன்புள்ள சங்கமித்ராவுக்கு,

என் பெயர் நோரா. உன் கடிதத்தை யாரிடம் கொடுப்பது என்று எங்கள் பள்ளியில் சண்டை வரவில்லை. ஏனென்றால் ஆறாம் வகுப்பில் தமிழ் படிப்பவள் நான் ஒருத்திதான்.

எங்கள் ஊரை நாங்கள் லாந்தர் துறை என்போம். மரம் வெட்டும் வேலைக்காக நாற்பது பேர் ஒரு படகில் வந்து உண்டாக்கிய ஊர் இது. அப்போது கலங்கரை விளக்கம் கிடையாது. படகுகள் பாறையில் மோதும். அதனால் கரையில் இருந்த உயரமான மரத்தில் தினமும் ஒரு வீட்டார் லாந்தர் ஏற்றிக் கட்டினார்கள். இப்போது கலங்கரை விளக்கம் வந்துவிட்டது. ஆனாலும் முறை போட்டு லாந்தர் கட்டுகிறோம். செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டு முறை.

மரம் இழுக்க யானைகள் இருந்தன. ஒரு யானை பக்கத்துத் தீவிலிருந்து நீந்தியே வந்ததாம். அது கரையேறிய இடம் ஆனைத்துறை. கப்பல் பத்து நாளுக்கு ஒருமுறை வரும். அன்று ஊரே துறைக்குப் போகும், கப்பலில் யாரும் வராதவர்கள்கூடப் போவார்கள். என் அப்பா தியோடர் கப்பலிலிருந்து வீசும் கயிற்றைப் பிடித்துக் கட்டுபவர்.

முக்கியமானது எங்கள் படிகள். துறையில் பதினாலு கல்படிகள் இருக்கின்றன. காலையில் கடல் ஏறியிருக்கும்போது மூன்றுதான் தெரியும். மதியம் கடல் இறங்கிவிடும். படகுகள் சேற்றில் சாய்ந்து படுத்துக்கொள்ளும். சாயங்காலம் மறுபடி எழுந்து மிதக்கும். நிலா இழுக்கிறது என்று அப்பா சொல்வார். எவ்வளவு இறங்கினாலும் பதினாலாவது படி மட்டும் அபூர்வம். அமாவாசையை ஒட்டியும் பௌர்ணமியை ஒட்டியும்தான் தெரியும், அதுவும் எப்போதாவது, கொஞ்ச நேரம். படி கட்டுகிறவர்கள் கீழேயிருந்துதானே ஆரம்பிப்பார்கள்? அதனால் அந்த நாற்பது பேரும் ஊர் பிறந்த வருஷத்தை அந்தப் படியில்தான் செதுக்கினார்கள். 1951. நான் அதை நான்கு முறை பார்த்திருக்கிறேன்.

எங்கள் ஊர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. வரைபடத்தில் எங்கள் தீவு இருக்க வேண்டிய இடத்தில் 'வங்காள விரிகுடா' என்று எழுதி, அதில் ஓர் எழுத்து எங்கள் மேல் உட்கார்ந்திருக்கிறது. போன வருஷம் ஒருவர் வந்து படம் எடுத்தார். பத்திரிகையில் ஒரு தென்னை மரம் மட்டும் வந்தது. நீங்களாவது எங்கள் ஊரை உள்ளபடி காட்டுங்கள். காட்டுவீர்களா?"

கூடவே நோரா வரைந்த படம் ஒன்றும் இருந்தது. ஒவ்வொரு வீடும், லாந்தர் மரமும், பதினாலு படிகளும் அதில் இருந்தன.

ராகேஷ்தான் முதலில் பேசினான். "யானை நீந்துதாம். கடல் தண்ணி மதியானம் காணாப் போவுதாம். நம்மள நல்லா ஏமாத்துறா. அவ்ளோ தண்ணியும் யாரு குடிக்கிறது?"

சுந்தரேசன் சாரிடம் கேட்டார்கள். "நிஜம்தான்" என்றார் அவர். "அதுக்கு ஓதம்னு பேரு. ஆனா மாடல்ல அதை எப்படிக் காட்டுவீங்க? சார்ட்ல எழுதி ஒட்டிடுங்க."

சங்கமித்ரா அன்றே பதில் எழுதினாள். "உள்ளபடி காட்டுவோம்" என்று எழுதி, அடியில் கோடு போட்டாள். கோடு போட்ட பிறகுதான் கவலை வந்தது.

லீவு முழுவதும் வேலை நடந்தது. பழைய கடைப் பெயர்ப்பலகையின் தகரத்தை மடித்துப் பெரிய தட்டு செய்தார்கள். மூலைகளைத் தார் வைத்து அடைத்தார்கள். தீப்பெட்டியில் வீடுகள், களிமண்ணில் யானை, டார்ச் பல்பில் லாந்தர். துறைக்குப் பக்கத்தில் நிஜச் சேறு. சங்கமித்ரா சாக்பீஸ் பெட்டி மரத்தை அறுத்துப் படிகள் செய்தாள்.

"மூணு படி போதும்" என்றான் ராகேஷ். "தண்ணிக்குள்ள கீற படிய யாரு பாக்கப் போறா?"

"நோரா பதினாலுன்னு எழுதிருக்கா."

"அவ இங்க வந்து எண்ணப் போறாளா?"

சங்கமித்ரா பதினாலாவது படியை எடுத்து, காம்பஸ் முனையால் 1951 என்று கீறிக்கொண்டிருந்தாள்.

கண்காட்சி நாளில் மைதானமே நிறைந்திருந்தது. பிரகாஷ் குழு விதான சவுதாவுக்குப் பிள்ளையார் பந்தலில் போடும் சீரியல் பல்புகளைச் சுற்றியிருந்தது. எல்லாரும் அங்கேதான் நின்றார்கள்.

லாந்தர் துறைக்கு முதல் ஒரு மணி நேரத்தில் மூன்றே பேர் வந்தார்கள். ஒருவர் வீணாவின் அம்மா. இன்னொருவன் யானையைத் தொட வேண்டும் என்று அழுத ஒன்றாம் வகுப்புப் பையன். மூன்றாவது, பிரகாஷ்.

"இது என்னா, சாங்கி டேங்க்கா?" என்றான் பிரகாஷ். "டேங்க்குக்கு மூணு படி வச்சு கப்பல் விட்டுருக்கீங்க. சூப்பர்."

"பதினாலு படி" என்றாள் சங்கமித்ரா.

"எங்க?"

அவள் நீலத் தண்ணீருக்குள் கையைக் காட்டினாள். சாயம் கலந்த தண்ணீர். உள்ளே ஒன்றும் தெரியவில்லை. பிரகாஷ் சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

சங்கமித்ரா தண்ணீரைப் பார்த்தாள். நோரா சொன்னதை எல்லாம் செய்தாயிற்று. ஆனாலும் பார்க்கிறவர்கள் கண்ணுக்கு இது ஒரு குளம்தான். உள்ளபடி காட்டவில்லை.

அப்போதுதான் வீணா, "கால் ஈரமாவுது" என்றாள்.

மேஜைக்கு அடியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தட்டின் ஒரு மூலையில் தார் விட்டிருந்தது. காலையில் வெயில் படுகிறதென்று ராகேஷ் மேஜையை இழுத்தபோது பெயர்ந்திருக்க வேண்டும். வீணா ஓடிப்போய் ஓட்டையில் விரலை வைத்தாள். ராகேஷ் ஒரு பக்கெட்டைக் கொண்டுவந்து அடியில் வைத்தான். அவன் முகம் வெளுத்திருந்தது.

"நான்தான் இழுத்தேன்" என்றான். அன்று முதல் முறையாக அவன் பேச்சு ஒரு வரியில் நின்றது.

நடுவர் சுப்புலக்ஷ்மி அம்மா, கல்வி அலுவலகத்திலிருந்து வந்தவர், விதான சவுதா முன் நின்றுகொண்டிருந்தார். அடுத்தது ஜோக் அருவி. அதற்கடுத்து லாந்தர் துறை.

சங்கமித்ரா ராகேஷைத் திட்டலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள். பிறகு மாடலைப் பார்த்தாள்.

நான்காவது படி தெரிந்தது. ஐந்தாவது பாதி தெரிந்தது. ஈரத்தில் அவை நிஜக் கல்லைப் போலப் பளபளத்தன. கரையோரம் நின்ற காகிதப் படகு ஒன்று மெல்லத் தரைதட்டி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, சேற்றில் படுத்துக்கொண்டது.

"வீணா, விரலை எடு."

"என்னாது?"

"எடு. தண்ணி போகட்டும்."

வீணா எடுத்தாள். ஆறாவது படி வந்தது.

"போனா திரும்ப வராதே" என்றான் ராகேஷ்.

சங்கமித்ரா கண்ணை மூடித் திறந்தாள். ஸ்ரீராம்புரத்துக் குழந்தைகளுக்குக் கடல் தெரியாது. தண்ணீர் தெரியும். அவர்கள் தெருவில் குழாய் தரைக்கு மேலே இருக்காது, குழிக்குள் இருக்கும். ஏனென்றால் தண்ணீருக்கு மேலே ஏறிவர பலம் போதாது. டியூபைக் குழாயில் சொருகி, அதன் வாயைக் குழிக்குள் இறக்கிப் பிடித்தால் தண்ணீர் கொட்டும். கொஞ்சம் தூக்கினால் நின்றுவிடும். எந்த உயரத்தில் வரும், எந்த உயரத்தில் நிற்கும் என்பது எட்டு வயதுக் குழந்தைக்கும் அத்துப்படி.

"ராகேஷ், உங்க வீட்டு டியூப் எங்க?"

"குழாயிலதான். அம்மா தண்ணி புடிச்சிக்கினு இருக்கும்."

"எடுத்துக்கினு வா. துணி சோப்பும்."

ராகேஷின் வீடு பள்ளிச் சுவருக்கு அந்தப் பக்கம். அவன் சுவரேறிக் குதித்தான். "டேய், டேய், எங்கடா எடுத்துக்கினு போற?" என்று ஒரு குரல் கேட்டது. அடுத்த நிமிடம் பச்சை டியூபும் சோப்புமாக வந்து விழுந்தான்.

விதான சவுதாவில் பிரகாஷ் ஒவ்வொரு தூணாக விளக்கிக்கொண்டிருந்தான். இத்தனை தூண்களை ஒட்டியதற்காக அன்று சங்கமித்ரா மனதுக்குள் அவனுக்கு நன்றி சொன்னாள்.

மூலை ஓட்டையில் டியூபின் ஒரு முனையைச் சொருகினாள். ஒழுகும் டிரம்மை அம்மா அடைப்பது போலத் துணி சோப்பைக் குழைத்துச் சுற்றிலும் அப்பினாள். அடுத்த முனையைத் தண்ணீர் நிறைந்த பக்கெட்டுக்குள் அமிழ்த்தினாள். வீணா மேஜையைச் சுற்றித் துணியை இழுத்துவிட்டு மறைத்தாள்.

"பக்கெட்டைத் தூக்கு" என்றாள் சங்கமித்ரா.

ராகேஷ் மேஜைக்கு அடியில் புகுந்து, பக்கெட்டைப் பின்பக்கமாக வெளியே நீட்டி, தட்டைவிட உயரமாகத் தூக்கினான். துறையில் தண்ணீர் ஏறியது. அதற்குள் வெளியே வந்திருந்த பத்தாவது படி மறைந்தது. ஒன்பது, எட்டு. சாய்ந்து கிடந்த படகு ஒரு குலுங்கு குலுங்கி எழுந்து நின்றது.

"இறக்கு."

தண்ணீர் இறங்கியது.

"நோரா பொய் சொல்லல" என்றது மேஜைக்கு அடியிலிருந்து ஒரு குரல்.

சுப்புலக்ஷ்மி அம்மா வந்தபோது மூன்று படிகள் மட்டும் தெரிந்தன. லாந்தர் மரம், யானை, நாற்பது பேரின் கதை, எல்லாவற்றையும் சங்கமித்ரா சொன்னாள். அவர் தலையாட்டிக்கொண்டே குறித்துக்கொண்டார். பிறகு பேனா நின்றது.

"ஏம்மா, உங்க தண்ணி குறைஞ்சுக்கிட்டே வருதே. தட்டு ஒழுகுதா?"

"இல்ல மேடம்" என்றாள் சங்கமித்ரா. "மதியம் ஆயிடுச்சு."

அவர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். ஏழாவது படி. எட்டு. படகுகள் ஒவ்வொன்றாகச் சேற்றில் படுத்தன. சங்கமித்ரா நோரா எழுதியதை அப்படியே சொல்லிக்கொண்டே வந்தாள். பதின்மூன்றாவது படி தெரிந்ததும் நிறுத்தினாள்.

"தினமும் இதோட சரி மேடம். இதுக்குக் கீழ இருக்கிறதைப் பார்க்கணும்னா அமாவாசையோ பௌர்ணமியோ வரணும்."

"இன்னைக்கு என்ன?"

"இன்னைக்குப் பௌர்ணமி" என்று சங்கமித்ரா மேஜைக் காலை மெல்ல உதைத்தாள்.

தண்ணீர் இன்னும் கொஞ்சம் இறங்கியது. பதினாலாவது படி வெளியே வந்தது. சுப்புலக்ஷ்மி அம்மா மூக்கு கிட்டத்தட்டச் சேற்றில் படுகிற அளவுக்குக் குனிந்து, எழுத்துக்கூட்டுவது போல வாசித்தார்: "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொண்ணு."

அந்த எண்ணை விரலால் தடவிப் பார்த்தார்.

"இவ்வளவு தண்ணியையும் இழுக்கிறது யாரு?" என்று கடைசியில் கேட்டார்.

சங்கமித்ரா மேஜைத் துணியைத் தூக்கினாள். உள்ளே, தொப்பலாக நனைந்த ராகேஷ், பக்கெட்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"நான்தான் நிலா மேடம்" என்றான்.

சுப்புலக்ஷ்மி அம்மா சிரித்த சிரிப்பில் ஜோக் அருவிப் பக்கம் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு இங்கே வந்தார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். வீணா ஓர் அட்டையில், "அடுத்து கடல் இறங்கும் நேரம் 12.15" என்று எழுதி மாட்டினாள். சொன்ன நேரத்துக்கு ஜனம் வந்து காத்து நின்றது. டியூபைத் தேடித் துடைப்பத்தோடு வந்த ராகேஷின் அம்மா, துடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு முறை கடல் இறங்குவதைப் பார்த்துவிட்டு, "மெதுவா கொண்டாந்து குடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று மணிக்குப் பிரகாஷ் வந்தான்.

"ஒரே ஒரு தடவை நான் நிலாவா இருக்கட்டுமா?"

"லைன்ல வா" என்றது மேஜைக்கு அடியிலிருந்து குரல். ஆனால் அவனுக்கும் ஒரு முறை கிடைத்தது. அவன் பக்கெட்டை அவசரமாகத் தூக்கியதில் லாந்தர் துறையில் ஒரு சின்ன வெள்ளம் வந்தது.

மாலையில் மைக்கில் முதல் பரிசு அறிவித்தபோது சுந்தரேசன் சார், "லாந்தர் துறை, ஆறாம் வகுப்பு" என்று இரண்டு முறை சொன்னார். முதல் முறை சொன்னது கைதட்டலில் யாருக்கும் கேட்கவில்லை. மூவரும் மேடைக்குப் போன வழியெல்லாம் ராகேஷின் கால்சட்டையிலிருந்து சொட்டிய நீலத் தண்ணீர் கோடாக விழுந்தது.

மறுநாள் காலை சங்கமித்ரா இன்லேண்ட் லெட்டரோடு தபால் நிலையத்தில் நின்றாள்.

"மறுபடியும் ஜெயிலுக்கா?" என்றார் கிருஷ்ணப்பா.

"துறைமுகத்துக்குண்ணா."

கடிதம் சின்னதுதான். பரிசு கிடைத்ததையும், டிசம்பரில் லாந்தர் துறை பெரிய கண்காட்சிக்குப் போகப் போவதையும் எழுதியிருந்தாள். உள்ளே இடம் போதாததால் ராகேஷின் வணக்கத்தைக் கடைசி ஓரத்தில் நெருக்கி எழுதியிருந்தாள். அதற்கும் கீழே, மடிக்கும் இடத்தில், இன்னும் ஒரு வரி இருந்தது:

"நோரா, நீ உன் வாழ்நாளில் நான்கு முறை பார்த்த பதினாலாவது படியை, நேற்று ஸ்ரீராம்புரம் ஒரே நாளில் இருபத்திரண்டு முறை பார்த்தது."